நானூற்றுப் பத்து மீட்டர்

ஏரிக்கரை நகர், ஒரகடம் அருகில்
8.12.2024

அன்புள்ள பூமாரி அக்காவுக்கு,

வேல்விழி எழுதுவது. நான் நலம். போன வாரம் பிடித்த சளி விட்டுவிட்டது. தொண்டை மட்டும் இன்னும் நம் அண்ணன் குரலில் பேசுகிறது. உன் தோள்வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை மதினி கேட்டால் தேய்த்தாயிற்று என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது. நீ கட் பண்ணுவாய், நான் திரும்பக் கூப்பிடுவேன், நீ எடுக்க மாட்டாய். காகிதத்தை உன்னால் கட் பண்ண முடியாது. அதோடு கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். சாப்பாட்டு இடைவேளையில் எனக்கு மிஞ்சுவது பேனாதான்.

விஷயத்துக்கு வருகிறேன். கார் சீட் உறை தைக்கும் கம்பெனியில் நீ தேறிவிட்டாயாமே! பிப்ரவரி மூன்றாம் தேதி சேரச் சொல்லி ஆர்டர் வந்திருக்கிறதாமே! என் கம்பெனிக்கு இரண்டு கேட் தள்ளி! இதையெல்லாம் நம்பிராஜன் அண்ணன் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? நவம்பரில் டெஸ்டுக்காக உன்னோடு எட்டுப் பேரை வேனில் அழைத்துவந்து அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஒரகடம் வரை வந்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகட்டும், மன்னித்தேன்.

ஹாஸ்டலை விட்டு செப்டம்பரில் நான் எடுத்த வீடு தரைத்தளம். வாசல் கதவு முப்பத்து நாலு அங்குலம். குளியலறைக் கதவு முப்பத்திரண்டு. உன் வீல்சேர் இருபத்தாறு. வாசலில் இருந்த ஒற்றைப் படியை வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுச் சாய்வாகப் பூசிவிட்டேன். தரப் பரிசோதனை செய்கிறவள் நான், அளக்காமல் கூப்பிடுவேனா?

கம்பெனி பஸ் காலை ஆறு பத்துக்கு மெயின் ரோட்டு நிறுத்தத்துக்கு வருகிறது. தெருவுக்குள் அது திரும்ப இடமில்லை. ஆனால் நிறுத்தம் பக்கம்தான். அங்கே இட்லி வண்டி போடும் செல்லம்மாள் அம்மாவிடமும் ஷேர் ஆட்டோ ஓட்டும் தாவீது அண்ணனிடமும் அக்கா வருகிறாள் என்று சொல்லியாகிவிட்டது. இனி நீ வராவிட்டால் எனக்குத்தான் அவமானம்.

எண்ணெயைத் தேய். பதில் போடு.

உன் தங்கை
வேல்விழி


கயத்தாறு
19.12.2024

என் வேலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். தோள் முன்னைப் போலத்தான். எண்ணெயை நான் தேய்க்கவில்லை என்று உனக்கு யார் சொன்னது? மதினியா? அவளைப் பிறகு கவனிக்கிறேன்.

வீட்டை அளந்து வைத்திருப்பதைப் படித்துச் சந்தோஷம். கம்பெனியும் நல்ல கம்பெனிதான். அங்கே கழிவறைக் கதவு ஒற்றை விரலால் தள்ளினால் திறக்கிறது. மிஷினில் கால் மிதி கிடையாது, முழங்கையால் தட்டினால் ஊசி ஓடுகிறது. நாற்பது நிமிஷத்தில் தைக்கச் சொன்ன துண்டை இருபத்தாறு நிமிஷத்தில் முடித்தேன். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

ஆனால் நான் வரவில்லை. பொங்கலுக்கு முன்னால் நாற்பது ஜாக்கெட் கிடக்கிறது. அங்கே கொசுவும் ஜாஸ்தி. அண்ணன் பிள்ளைகளுக்கு நான் இல்லாவிட்டால் கணக்குப் பாடம் ஓடாது. அதனால் வேண்டாம்.

நிறுத்தம் பக்கம்தான் என்று எழுதியிருக்கிறாய். தரையைப் பார்த்து நீ நடந்தது உண்டா? நீல ஷட்டர் போட்ட மருந்துக்கடையைத் தாண்டியதும் சாக்கடை மேல் மூடியிருக்கும் சிலாப் கற்களைப் பார்த்திருக்கிறாயா? பார்க்காமல் ஊரைக் கூட்டிச் சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. கேன்டீன் ஊறுகாயை நம்பி வாழாதே.

பிரியமுள்ள அக்கா
பூமாரி


ஏரிக்கரை நகர்
29.12.2024

அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு சரியில்லை. அதனால் நலம் விசாரிப்பதை இரண்டு வரி தள்ளிப் போடுகிறேன்.

மருந்துக்கடைக்கு நீல ஷட்டர் என்று உனக்கு எப்படித் தெரியும்? நான் எழுதியதே இல்லை. படம் அனுப்பியதும் இல்லை. உன் கடிதத்தைப் படித்த அன்று சாயங்காலமே தாவீது அண்ணனிடம் போய், வீல்சேரில் ஒரு அம்மா இங்கே வந்ததுண்டா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அட, அந்த அக்காவா? போன மாசம் வேன்ல வந்து எறங்கிச்சே! மருந்துக்கட தாண்டி சிலாப் சந்துல முன்சக்கரம் மாட்டிகிச்சு. வண்டி அப்படியே சாஞ்சிடிச்சு. நாங்க நாலு பேரு தூக்கினோம். துணியெல்லாம் சாக்கடத் தண்ணி. யார் வூட்டுக்குப் போணும், சொல்லுக்கா, இட்டுகினு போறோம்னேன். வேன்ல ஏத்தி வுட்டுடுங்கண்ணே, போதும்னு சிரிச்சிகினே சொல்லிச்சு."

அன்று எனக்கு முதல் ஷிஃப்ட். மூன்றரைக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். நீ சாக்கடையில் கிடந்தபோது முந்நூற்று இருபது மீட்டர் தள்ளி நான் ரேடியோ வைத்துக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு போன் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பேனே. ஏன் அக்கா?

முந்நூற்று இருபது என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், நேற்று ஞாயிற்றுக்கிழமை... இல்லை, இன்றுதான் ஞாயிறு, தூக்கமில்லாமல் கிழமை குழம்புகிறது. இன்று காலை நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து நிறுத்தம் வரை தரையைப் பார்த்தே நடந்தேன். மொத்தம் நானூற்றுப் பத்து மீட்டர். எங்கள் கம்பெனியில் சரியில்லாத பாகத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி 'என்.ஜி.' என்று எழுதுவோம். தெருவில் பதினேழு இடத்தில் சாக்பீஸால் என்.ஜி. எழுதிவிட்டு வந்தேன். சிலாப் இடைவெளி ஆறு. நடுவழியில் மின்கம்பம் இரண்டு. தோண்டி மூடாத பள்ளம் நாலு. கடை வாசல் படிகள் நாலு. கடைசியில் ஒன்றரையடி உயரத்தில் நிறுத்தத்தின் மேடை. அதில் ஏறினால்தான் கம்பெனி பஸ்ஸின் மடக்குப் பலகை சமமாக விரியும். படிதான் இருக்கிறது, சக்கரம் ஏற வழியில்லை.

வீடு சரி, கம்பெனி சரி. நடுவில் இருக்கும் ஊர்தான் என்.ஜி. ஜனவரி இருபத்தாறு கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து என் அக்காவுக்கு வழி வேண்டும் என்று கேட்கப் போகிறேன்.

அன்று அடிபட்டதா உனக்கு? உண்மையைச் சொல்.

வேல்விழி


ஏரிக்கரை நகர்
14.1.2025

அக்காவுக்கும் வீட்டில் எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து.

பதினாறு நாளாகப் பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. மதினியிடம் கேட்டால், "அவ மிஷினை விட்டு எந்திரிக்கல வேலு, என்னன்னு கேட்டா நூலை வாயில வச்சுக்கிடுதா" என்கிறாள்.

செல்லம்மாள் அம்மா எனக்கு ஒரு தூக்குவாளி சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். பாதியை உனக்கென்று எடுத்து வைத்து, பிறகு நானே சாப்பிட்டேன்.

பதினேழு இப்போது பத்தொன்பது. கேபிள்காரர்கள் இரண்டு பள்ளம் போட்டிருக்கிறார்கள்.

வேலு


கயத்தாறு
20.1.2025

என் வேலுவுக்கு,

நலம். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான், அதுவும் ஆறிப்போய்விட்டது. நாற்பது ஜாக்கெட்டும் கொடுத்து முடித்தேன்.

தூக்கிவிட்ட நாலு பேரும் நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்தால் திட்டியாவது இருப்பேன். இரண்டு வயதில் போலியோ வந்ததிலிருந்து நல்லவர்கள் என்னைத் தூக்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பள்ளிக்கூடப் படியில், பேங்க் படியில், கல்யாண மண்டபத்தில். ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அன்று டெஸ்டில் ஜெயித்த கையோடு, வேன்காரரிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்கி, உன் கதவைத் தட்டி 'ஏளா, வேலை கிடைச்சிட்டு' என்று சொல்ல வந்தேன். சாக்கடைத் துணியோடு வந்து மாற்றுச்சேலை கேட்டு நிற்க மனசு வரவில்லை. இவ்வளவுதான். இனி இதைப் பற்றிக் கேட்காதே.

தாவீது ஆட்டோவில் தினமும் கொண்டுவிடுவார் என்று அடுத்து எழுதுவாய். எழுதாதே. அவருக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு லீவா?

இப்போது முக்கியமானது. கிராம சபையில் என் பேரைச் சொல்லாதே. அக்காவுக்கு வழி என்று கேட்டால், இந்த ஊரில் அப்படி எத்தனை பேர் என்று கேட்பார்கள். ஒருத்தி என்பாய். அவளும் இன்னும் வரவில்லை என்பாய். சிரித்துவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடுவார்கள்.

ஒரு மணி நேரம் நிறுத்தத்தில் நில். எண்ணு. அந்தத் தரையால் யார் யார் கஷ்டப்படுகிறார்கள் என்று மட்டும் எண்ணு. அந்தக் கணக்கோடு போ.

நான் வருகிறேன் என்று சொல்லவில்லை. கேட்கப் போகிறவள் ஒழுங்காகக் கேள் என்றுதான் சொல்கிறேன்.

தூங்கு முதலில்.

அக்கா
பூமாரி


ஏரிக்கரை நகர்
27.1.2025

என் அருமை அக்காவுக்கு,

சுகம், சுகம், ரொம்ப சுகம். உன் கடிதத்தைப் பார்த்த அன்று ஒன்பது மணி நேரம் தூங்கினேன். நீயும் தூங்கு.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை, என் பழைய ஹாஸ்டல் தோழிகள் மூன்று பேரை அங்கங்கே நிறுத்தி எண்ணினேன். எழுபத்து மூன்று பேர்! இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாக சிலாப் தாண்டிய தாய்மார்களே பதினாலு. கைத்தடி ஊன்றியவர்கள் பதினொன்று. ஊரிலிருந்து வந்து இறங்கி, பெட்டியை உருட்ட முடியாமல் தலையில் வைத்துக்கொண்டு போனவர்கள் ஒன்பது. கேஸ் சிலிண்டர்காரர், தண்ணீர் கேன் வண்டிக்காரர், கண் தெரியாத ஒரு கடலை வியாபாரி, காலில் மாவுக்கட்டோடு ஒரு கபடி ஆட்டக்காரர். செல்லம்மாள் அம்மாவின் இட்லி வண்டியையே சிலாப் தாண்டுவதற்கு இரண்டு பேர் தூக்குகிறார்கள். தினமும் இரண்டு தடவை. பதினோரு வருஷமாக.

நேற்று கூட்டத்தில் நான் எழுந்ததும் தலைவர் கேட்டார்: "ஏம்மா, உனக்கு ஓட்டு எங்க கீது?"

"கயத்தாறுல."

"அப்போ நீ எங்க விருந்தாளி. குந்துமா, டீ குடி."

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வருஷமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறேன், நான் விருந்தாளியாம். உட்காரப் போனேன். அப்போது செல்லம்மாள் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு இங்கதான் ஓட்டு கீது. நான் பேசறேன். அந்தப் பொண்ணு கைல கீற பேப்பர்தான் என் பேச்சு. எனக்குப் படிக்க வராது, அதனால அது படிக்கும். படிக்கறது அது, பேசறது நானு. எழுதிக்கோங்க."

அக்கா, நான் எழுபத்து மூன்று பேரையும் படித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுபோயிற்று. மாவுக்கட்டு வீரர் தலைவரின் மச்சானாம்! கூட்டத்துக்கு வந்திருந்த ஓவர்சியர் பிரவீனா மேடம் ஏழு மாதக் கர்ப்பிணி. முடிந்ததும் என்னோடு தெருவை நடந்து பார்க்க வந்தார். மூன்றாவது சிலாப்பில் என் தோளைப் பிடித்தவர் கடைசி வரை விடவில்லை. "தீர்மானத்துல சேத்துடுங்க தலைவரே, நானே எஸ்டிமேட் போடறேன்" என்று அங்கேயே சொல்லிவிட்டார். சிலாப், பள்ளம், கடைப் படிகள், மின்கம்பம் மாற்றக் கடிதம், நிறுத்தத்தில் சாய்தளம், எல்லாம் சேர்ந்தாயிற்று.

உன் பேரைச் சொல்லவில்லை. சத்தியம்.

பிப்ரவரி மூன்றாம் தேதிக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தாயா?

அன்புத் தங்கை
வேல்விழி


கயத்தாறு
12.2.2025

என் வேலுவுக்கு,

இங்கே அனைவரும் நலம். மதினி கையால் தோளுக்கு எண்ணெய் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தச் செல்லம்மாள் அம்மாவின் முழங்காலுக்கும் ஒரு பாட்டில் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. டிசம்பரிலேயே கம்பெனிக்கு 'வர இயலாது' என்று எழுதிப் போட்டுவிட்டேன். உனக்குக் கொசு, ஜாக்கெட் என்று எழுதிய அதே நாள்தான். உன் கிராம சபைக் கடிதத்தை மதினி சத்தமாகப் படித்தாள். 'படிக்கறது அது, பேசறது நானு' என்ற இடத்தில் அண்ணன் கூடச் சிரித்தான். மறுநாள் கம்பெனிக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். முன்னே எழுதியதைத் தள்ளி வையுங்கள், எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று.

நேற்று பதில் வந்தது. அடுத்த அணி ஜூன் இரண்டாம் தேதி சேருகிறது. அதில் எனக்கு இடம் உண்டு. அதற்குப் பிறகு கிடையாது.

வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. தேதியைத்தான் சொன்னேன்.

பூமாரி


ஏரிக்கரை நகர்
30.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மோர் குடிக்கிறேன், நீயும் குடி. செல்லம்மாள் அம்மா உன் எண்ணெயை ஊர் முழுக்கப் புகழ்கிறார். பாட்டிலை யாருக்கும் தொடக் கொடுப்பதில்லை.

ஆறு சிலாப்பும் புதுசு! இடைவெளியில் என் விரல் நுழையவில்லை. பள்ளங்களை மூடிவிட்டார்கள். கேபிள்காரர்களைத் தலைவரே கூப்பிட்டு மூட வைத்தார். மருந்துக்கடைக்காரர் தன் படியைத் தானே உடைத்து உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டார். கம்பம் ஒன்று நகர்ந்தது, இன்னொன்று மே மாதம். பிரவீனா மேடம் பிரசவ விடுப்பில் போயிருக்கிறார். போன வாரம் பெண் குழந்தை. அவர் இல்லாததால் நிறுத்தத்துச் சாய்தளத்தைக் கான்டிராக்டரே பார்த்துக் கட்டிவிட்டார். நேற்று முடிந்தது. மஞ்சள் பெயிண்ட் வேறு. தாவீது அண்ணன், "சூப்பரா கீது, என் ஆட்டோவே ஏறும் போல கீதே" என்றார்.

படம் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு, ஜூன் இரண்டு பற்றி உனக்கு ஏதாவது எழுதத் தோன்றினால் எழுது.

வேலு


கயத்தாறு
6.4.2025

என் வேலுவுக்கு,

படத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் சிரித்தேன். தோள் வலிக்கிறதா என்று இனி நீ கேட்க வேண்டாம், விலாதான் வலிக்கிறது.

அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம். படத்திலேயே ஓரத்தில் ஒரு பிள்ளை அட்டையைப் போட்டுச் சறுக்கிக்கொண்டிருக்கிறது, கவனித்தாயா? ஒன்றரையடி உயரத்துக்கு ஆறடி நீளம் வைத்திருக்கிறார்கள். அதில் நான் ஏறினால் பின்பக்கமாக மல்லாக்க விழுவேன். இறங்கினால் நேரே பெங்களூர்தான். தாவீதின் ஆட்டோ ஏறும், சரி. இட்லி வண்டி ஏறுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டீர்களா?

ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒன்றரைக்குப் பதினெட்டு. இரண்டு பக்கமும் பிடிக்கக் கம்பி. சக்கரம் வழுக்காமல் தரையில் கோடு. ஜாக்கெட் வெட்டுவது போல அட்டையில் வெட்டி அனுப்பியிருக்கிறேன், கொத்தனாரிடம் காட்டு. அப்புறம் படத்தில் மேடைமேல் தெரிகிற சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தால் வயசானவர்கள் எழுந்திருக்க முடியாது. இரண்டு பக்கமும் கைப்பிடி வைக்கச் சொல்.

பிரவீனாவின் குழந்தைக்கு ஒரு பூப்போட்ட கவுன் தைத்து அனுப்பியிருக்கிறேன். அளவு தெரியாது, பெரிதாகவே தைத்தேன்.

பூமாரி


ஏரிக்கரை நகர்
3.5.2025

அக்கா,

நலம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் எழுத மனசே இல்லாமல் எழுதுகிறேன்.

உன் அட்டையைப் பார்த்ததும் கொத்தனார் தலையைச் சொறிந்தார். பிரவீனா மேடம் வீட்டிலிருந்தே போனில் பேசி, பூமாரி சொல்வதுதான் சரி என்றுவிட்டார். சறுக்குமரத்தை உடைத்தார்கள். பதினெட்டு அடி அளந்தார்கள். நாடா போய் முடிந்த இடம் செல்லம்மாள் அம்மாவின் வண்டி.

மறுபக்கம் டிரான்ஸ்ஃபார்மர். முன்னால் ரோடு. வேறு இடமில்லை. மே ஒன்றாம் தேதி கிராம சபையில் வண்டியை அப்புறப்படுத்துவது என்று முடிவெடுத்தார்கள். எனக்காகப் பேச எழுந்தாரே, அந்த அம்மா அன்று எழவில்லை. கூட்டம் முடிந்து என்னிடம், "நான் வேற எடம் பாத்துக்கறேன்மா. உங்க அக்கா வர்ட்டும்" என்றார். கூட்டத்தில் நான் உன் பேரை எடுக்கவே இல்லை. அக்கா வருகிறாள் என்று டிசம்பரில் நான் சொன்னதை வைத்து அவரே புரிந்துகொண்டிருக்கிறார்.

இரண்டு நாளாக நிறுத்தத்தில் வண்டி இல்லை. முதல் ஷிஃப்ட் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிறோம்.

ஜூன் இரண்டுக்கு இன்னும் ஒரு மாதம். நான் என்ன செய்ய?

வேல்விழி


கயத்தாறு
7.5.2025
ஸ்பீட் போஸ்ட்

வேலு,

எல்லோரும் நலம். அவசரம், அதனால் சுருக்கமாக.

அந்த அம்மா போனால் நான் வர மாட்டேன். எனக்கு வழி விடுவதற்காக இன்னொருத்தி தன் பிழைப்பை விட்டாள் என்று தினமும் காலையில் நினைத்துக்கொண்டே பஸ் ஏற என்னால் ஆகாது. அது யாருக்குப் போட்ட வழி?

துணி பத்தாவிட்டால் கையை வெட்டிவிடுவோமா? மடித்துத் தைப்போம். ஒன்பது அடி நேராக ஏறு. அங்கே ஐந்துக்கு ஐந்து அடி சமதளம் விடு. அதில் நான் திரும்பிக்கொள்வேன், மூச்சும் வாங்கிக்கொள்வேன். பிறகு எதிர்ப்பக்கமாக ஒன்பது அடி. மேடைக்கு வந்துவிடும். நீளம் பதினாலு அடியாகக் குறையும், வண்டியின் இடம் தப்பிவிடும். சமதளத்தை ஒட்டி வண்டி நின்றால் ஏறுகிறவர்கள் இட்லி வாங்கிக்கொண்டே ஏறலாம்.

அட்டை வைத்திருக்கிறேன். நேரே பிரவீனாவிடம் கொண்டு போ. தலைவர் மறுத்தால் எனக்குப் போன் போடு. இந்தத் தடவை நான் கட் பண்ண மாட்டேன்.

வண்டி மறுபடி அங்கே வந்து நின்றதும் தந்தி மாதிரி ஒரு வரி எழுது. அன்றைக்கே டிக்கெட் போடுகிறேன்.

பூமாரி


ஏரிக்கரை நகர்
3.6.2025, பிற்பகல் நாலு மணி

என் வேலுவுக்கு,

வண்டி பழைய இடத்துக்கு வந்தாயிற்று என்ற உன் ஒரு வரி கிடைத்த அன்றே டிக்கெட் போட்டேன், இப்போது ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். வேறு வழி? இந்த வாரம் உனக்கு இரண்டாம் ஷிஃப்ட். நான் போகும்போது நீ தூங்குகிறாய். நான் வரும்போது நீ போய்விட்டாய். நலமா? முகம் வாடியிருக்கிறது, தூக்கத்தில் பார்த்தேன். குக்கரில் சோறு, மூடியிட்ட சட்டியில் புளிக்குழம்பு. சூடு பண்ணிச் சாப்பிடு, அப்படியே கரைத்துக் குடிக்காதே.

நேற்று முதல் நாள். தள்ளிக்கொண்டு வருகிறேன் என்றாய், வேண்டாம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு மருந்துக்கடை வரை பின்னாலேயே ஒளிந்து வந்தாய். எனக்குத் தெரியும். உன் செருப்புச் சத்தம் எட்டு வயதிலிருந்து மாறவில்லை. நேற்று மன்னித்தேன். இன்று நீ தூங்கியதால் நிஜமாகவே தனியாகப் போனேன்.

பதிமூன்று நிமிஷம் ஆயிற்று. சிலாப் மேல் சக்கரம் டக் டக் என்று போய்க்கொண்டே இருந்தது. நானும் ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒரு இடத்தில் பைக் குறுக்கே நின்றது. மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து வண்டியை நகர்த்தினார், என்னைத் தொடவில்லை. செல்லம்மாள், "பூமாரி, ரெண்டு இட்லி வாங்கிகினு போ, காசு சாய்ந்தரம் குடு" என்றார். வேண்டாம் என்றதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மடியில் இட்லிப் பொட்டலத்தோடுதான் சாய்தளத்தில் ஏறினேன். சமதளத்தில் திரும்பும்போது பின்சக்கரம் இரண்டு விரலளவு இடிக்கிறது. பிரவீனாவிடம் சொல்ல வேண்டும். இரண்டாவது மின்கம்பமும் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. என் ஓட்டுரிமையை இந்த ஊருக்கு மாற்ற இன்று கம்பெனியிலேயே விண்ணப்பம் வாங்கிவிட்டேன். உனக்கும் ஒன்று மேஜையில் இருக்கிறது. தூங்கி எழுந்ததும் கையெழுத்துப் போடு. ஆகஸ்ட் கூட்டத்தில் நம் பேச்சை நாமே பேசலாம்.

நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், வேறெங்கோ போய்விட்டேன். சாய்தளத்தின் இரண்டாவது பாதியில் நான் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு பெண் ஓடி வந்தாள். கம்பெனி சீருடை, தோளில் பை, வாயில் கவ்விய ஹேர்பின். அழகான சாலை, படிகள் எல்லாம் இருக்க, அவளும் இந்த வழியாகத்தான் வந்தாள். என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மூச்சிரைக்க, துளிக்கூட இரக்கமில்லாமல் கத்தினாள்:

"யக்கா, கொஞ்சம் ஓரமாப் போக்கா! பஸ் பூடும்!"

வேலு, முப்பத்து நாலு வயதில் இதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. என்னைக் கண்டால் விலகுவார்கள், தூக்குவார்கள், உச்சுக்கொட்டுவார்கள். வழியை மறித்துக்கொண்டு நிற்கிறாய் என்று ஒருத்தி என்னைத் திட்டியது இன்றைக்குத்தான். சிரிப்பு தாங்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினேன். அவள் ஓடிப்போய் பஸ் கதவைப் பிடித்துக்கொண்டு, "டிரைவர் அண்ணா, இருங்க, இன்னொருத்தங்க வராங்க" என்றாள்.

நான் ஏறினேன். ஆறு பத்துக்கு பஸ் கிளம்பியது.

உன் அக்கா
பூமாரி